குற்ற எண் இல்லாத இரவு

கண்ணாடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் உரிக்கச் சொன்னார்
கான்ஸ்டபிள் ஹெப்வொர்த்.
தொலைபேசி அட்டை விளம்பரம் ஏழு,
லாட்டரிப் படம் மூன்று,
லெஸ்டரில் எப்போதோ ஓடி முடிந்த தேர்த் திருவிழா,
காணாமல்போன பூனை ஒன்று.
அது திரும்பி வந்து, கிழடாகி,
செத்தும் போயிற்று.

"உள்ளே என்ன நடக்கிறதென்று
தெருவுக்குத் தெரிய வேண்டும், மிஸ்டர் குகநேசன்."
தெருவுக்குத் தெரியக்கூடாதென்றுதான்
நான் ஒட்டியதே.
சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

கிரிம்ஸ்பியில் எனக்குப் பதினாறு வருடம்,
முப்பத்தொரு குற்ற எண்கள்.
களவு போனால் நூற்றொன்றுக்கு அடிக்க வேண்டும்.
எண் தருவார்கள், ஆளைத் தரமாட்டார்கள்.
காப்புறுதிக்காரனுக்கு எண் போதும்.
எனக்கும் போதுமென்று பழகிப்போனது.

காசு லாச்சிக்குக் கீழே ஒரு கொப்பி.
தேதி, எண், சாமான்.
வொட்கா இரண்டு.
பேக்கன், ஒரு தட்டு முழுக்க.
வெண்ணெய். வெண்ணெய். திரும்பவும் வெண்ணெய்.
வெண்ணெய்க் கள்வனைத் தாலாட்டில் வைத்துப் பாடிய
பாஷை என்னுடையது.
ஒன்பதாம் முறை எழுதும்போது
பாட்டு வரவில்லை.

குழந்தைப் பால்மா, ஒரு டின்.
எடுத்தது யாரென்று தெரியும்.
தேதி போட்டேன்.
எண் கேட்கவில்லை.

ஹெப்வொர்த்திடம் பட்டியல் இருந்தது.
அலமாரிகளை நெஞ்சளவுக்கு இறக்கு.
குடிவகையை உன் முதுகுக்குப் பின்னால் ஏற்று.
தினமும் ஒரே நேரத்தில் வங்கிக்கு நடக்காதே.
பிறகு, பேனாவை மூடிக்கொண்டே,
"வருகிறவர்களின் கண்ணைப் பார்த்து ஹலோ சொல்லுங்கள்.
திருட வந்தவனுக்கு அது பிடிக்காது."
அன்று மாலை எல்லோருக்கும் சொன்னேன்.
கிழவர் பெர்ட்ரம் திடுக்கிட்டு
வாங்க வந்த பாலை மறந்து போய்விட்டார்.

சவர்க்காரத் தண்ணீர், பழைய பிளேடு,
மூன்று மணித்தியாலம்.
மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த யசோதினி
"கடை முழுகுதோ?" என்றாள்.
பசை போன இடத்தில்
முதலில் பஸ் தரிப்பிடம் வந்தது,
பிறகு ரெபினின் சலூன்.
பதினாறு வருடம் எதிரே இருந்த குர்தியன்.
தன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து
கத்தரிக்கோலை உயர்த்தினான்.

நவம்பர், வியாழன், இரவு ஒன்பது நாற்பது.
இரண்டு பெடியங்கள்.
ஒருத்தன் குளிர்ப்பெட்டிப் பக்கம்,
ஒருத்தன் எனக்கு முன்னால்.
அவன் வலக்கை ஜாக்கெட்டுக்குள்.
"ஹலோ" என்றேன்.
என் குரல் எனக்கே கேட்டிராது.
கை வெளியே வரவில்லை,
உள்ளே சும்மாவும் இல்லை.

வெளியே ஒன்பதாம் நம்பர் பஸ்
ஆள் ஏற்றி முடித்தும் போகவில்லை.
சாரதி ஹோர்னில் கையை வைத்து
எடுக்க மறந்தவர்போல் இருந்தார்.
சலூன் கதவு திறந்தது.
சவரக்கத்தியும் கையுமாய் ரெபின்,
பின்னால் பாதி முகம் நுரையோடு
யாரோ ஒருவர், கழுத்தில் கட்டிய துணியோடு.

பெடியன் திரும்பிப் பார்த்தான்.
என் கடை அவ்வளவு வெளிச்சமாக இருப்பதை
அவன் அப்போதுதான் கண்டான்.
நானும் அப்போதுதான்.

சாக்லேட் ஒன்றை எடுத்தான்.
இடக்கையால் காசு வைத்தான்.
மிச்சக்காசுக்கு நின்றான்.
முப்பத்தைந்து பென்ஸ்,
எண்ணிக் கொடுத்தேன், இரண்டு தரம் பிழைத்தது.

நூற்றொன்றில் ஒரு பெண் கேட்டாள்:
"என்ன நடந்தது?"
ஒன்றும் நடக்கவில்லை.
"என்ன போனது?"
ஒன்றும் போகவில்லை.
"அப்படியென்றால் எண் தர முடியாதே" என்றாள்,
எனக்காக வருந்துவதுபோல.

கொப்பியை எடுத்துத் தேதி எழுதினேன்.
எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன்.
சாமான்: சாக்லேட் ஒன்று. விற்றது.

மறுநாள் காலை கடற்காகம் ஒன்று
வாடிக்கையாளர்போல் நடந்து வந்து
சிப்ஸ் பக்கெட்டைக் கவ்விக்கொண்டு போனது.
கண்ணைப் பார்த்துத்தான் ஹலோ சொன்னேன்.
அது காதில் வாங்கவில்லை.
பஸ் தரிப்பிடம் முழுக்கச் சிரித்தது.
எனக்குக் கேட்கவில்லை,
தெரிந்தது.